ஜெனோவாவுக்குப் போன ரைஸ் குக்கர்

போன சனிக்கிழமை இங்கே அமெரிக்காவில், எங்கள் டப்ளினில் உள்ள இந்தியன் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தோளில் ஒரு கை. பழைய ஆபீஸ் நண்பர் செந்தில்.

ஏப்ரலில் நாங்கள் இத்தாலி போய் வந்ததும், செலவைக் கையைக் கடிக்காமல் முடித்ததும் அவர் காதுக்கு எட்டிவிட்டது. எப்படி? வேறு எப்படி... வாட்ஸ்அப் குரூப்தான். "அந்த பிளானை எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, போதும்" என்றார். நம் ஆட்கள் ஒருவர் ட்ரிப் போய் வந்தால் ஃபோட்டோ கேட்பதில்லை. பிளான்தான் கேட்பார்கள்.

அனுப்புகிறேன் என்றேன். ஆனால் பிளானில் எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. அதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி கலாவுக்குப் போன வருஷம் கீமோ நடந்தது. ரெகுலராகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நடுவில் சில வாரம் நான் இங்கே எழுதாமல் போனதற்கு அதுதான் காரணம். கடவுள் புண்ணியத்தில் எல்லா ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்தது. ஒன்றே ஒன்றுதான் திரும்பி வரவில்லை. நாக்கின் ருசி.

எதை வாயில் வைத்தாலும் அட்டையை மெல்வது போல இருக்கிறது என்பாள். ரசம் சாதம் மட்டும் எப்படியோ உள்ளே போகும், அதுவும் ருசிக்காக அல்ல, பழக்கத்தில். மெதுவாக வரும், ஆனால் எடை மட்டும் குறையக் கூடாது என்றார் டாக்டர்.

ட்ரீட்மென்ட் நாட்களில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஏதோ வீடியோவில் ஜெனோவா துறைமுகத்தைப் பார்த்திருக்கிறாள். "முடிஞ்சதும் அங்க போலாமாங்க?" தூத்துக்குடிக்காரி. கப்பல் நிற்கும் ஊர் என்றால் அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பிளான் போட உட்கார்ந்தேன். சீசனுக்கு முன்னால் போனால் டிக்கெட் மலிவு. மிலன் வரை விமானம், அங்கிருந்து ரயில். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃப்ளாட், பழைய நகரத்துச் சந்துகளுக்கும் துறைமுகத்துக்கும் நடந்தே போய்விடலாம். மேடான இடங்களுக்குப் பொது லிஃப்ட் இருக்கிறது, பஸ் டிக்கெட்டே செல்லும். கட்டடத்தில் லிஃப்ட் கட்டாயம் வேண்டும் என்று தேடி எடுத்தேன். இருந்தது. ஆள் போனால் பெட்டி போகாது, பெட்டி போனால் ஆள் போக முடியாது... அவ்வளவு பெரிய லிஃப்ட்!

சாப்பாடு? அதுதான் முக்கியம். ரைஸ் குக்கர், பொன்னி அரிசி, ரசப்பொடி, புளி பேஸ்ட், எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினேன். இத்தாலி பிளக் வேறு மாதிரி இருக்கும் என்று அடாப்டர் கூட வாங்கினேன். நான் யார்? கோயம்புத்தூரில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவன் ஆயிற்றே.

போய்ச் சேர்ந்த மறுநாள் மத்தியானம் அரிசியைக் களைந்து போட்டு, குக்கரை ஆன் பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் டப் என்று ஒரு சத்தம். புகை. கரண்ட்டும் போய்விட்டது.

மகள் யாழினி குக்கரைப் பார்த்தாள், அடாப்டரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். "அப்பா, அமெரிக்கன் குக்கர், யூரோப்பியன் வோல்டேஜ். சீரியஸ்லி?"

இந்தியாவில் இருநூற்று முப்பது வோல்ட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அமெரிக்காவின் நூற்றிருபது வோல்ட்டில் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியதில் அதை மறந்தே போனேன். பிளக்கை மாற்றினால் வோல்டேஜும் மாறிவிடுமா என்ன?

சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. காலையிலிருந்து கலா அரை வாழைப்பழம்தான் சாப்பிட்டிருந்தாள். இனி மூன்று நாளும் அவளுக்கு எதைக் கொடுப்பேன்?

மெயின் ஸ்விட்ச் எங்கே என்று தெரியவில்லை. எதிர் ஃப்ளாட் கதவைத் தட்டினேன். பாவ்லா என்று ஒரு பெண்மணி, எங்கள் வயதுதான் இருக்கும். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. என் சைகையைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய், ஸ்விட்சைத் தூக்கிவிட்டார். திரும்பி வந்து எங்கள் சமையலறையை எட்டிப் பார்த்தார். கருகிய குக்கர், வேகாத அரிசி, தலையில் ஸ்கார்ஃபோடு உட்கார்ந்திருக்கும் கலா.

அவர் நேராகத் தன் ஃப்ளாட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டோடு வந்தார். கடலை மாவைக் கரைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, ஓவனில் சுட்ட ஏதோ ஒன்று. அந்த ஊர்ப் பண்டமாம், ஃபரினாத்தா என்று பெயர் சொன்னார். பார்த்தால் நம் அடைக்குச் சொந்தக்காரி மாதிரி இருந்தது. தட்டை மேஜையில் வைத்து, கலாவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கலா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். நானும் யாழினியும் அவள் முகத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு துண்டு எடுத்தாள். அதையும் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மி."

யாழினிதான் முதலில் கேட்டாள். "அம்மா... கேன் யூ டேஸ்ட் இட்?"

கலா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியுதுடி" என்றாள். கண் நிறைந்துவிட்டது, அவளுக்கும் எனக்கும்.

ஜெனோவாவில் அரண்மனைகள் உண்டு, பழைய கலங்கரை விளக்கம் உண்டு, துறைமுகத்தில் கப்பல்களும் உண்டு. எல்லாம் பார்த்தோம், கப்பல்களை மட்டும் தினமும் இரண்டு முறை. பாவ்லாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? யாழினியின் ஃபோனில் மொழிபெயர்த்துக் காட்டினோம். அவர் படித்துவிட்டு, உப்பு விஷயத்துக்கு மட்டும் கையை விரித்துச் சிரித்தார். அவர் வீட்டுக்காரருக்கு பிரஷராம், அதனால்தான் உப்பு கம்மி.

இப்போது டப்ளினில் தினமும் நான்தான் ரசம் வைக்கிறேன். புளி தூக்கல், மிளகு போதாது, பெருங்காயம் எங்கே... தினமும் ஒரு குறை. திட்டு வாங்கிக்கொண்டே இத்தனை சந்தோஷமாகச் சாப்பிட முடியும் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது.

செந்தில், பிளானை அனுப்பிவிட்டேன். குக்கரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்... எதிர் வீட்டுக் கதவைத் தட்ட மறக்காதீர்கள்.