இல்லாத எந்திரத்தில் ஓடிய லுங்கி

எண்பதுகளில் திருத்தணியில் ஒரு வாடகை அறையில் எங்கள் கம்ப்யூட்டர் இருந்தது. லுங்கி டிசைனைத் திரையில் காட்டும் புரோகிராமை இருவர் எழுதினோம். நூல்களின் அட்டவணையைப் பாவா, அதாவது என் அக்காள் கணவர், ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் போட்டார். அதைப் படித்துப் படம் வரையும் பகுதியை நான் பாஸ்கல் என்ற இன்னொரு மொழியில் எழுதினேன். மொழிமாற்றும் புரோகிராம்களான கம்பைலர்கள் இரண்டையும் ஒரே கற்பனை எந்திரத்தின் கட்டளைகளாக மாற்றின. அந்த எந்திரமே வெறும் மென்பொருள்தான்.

டிசைன் கேட்டு வந்த பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊரில் அவர் தறியில் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏற்ற ஆட்கள் காத்திருந்தார்கள். கரண்ட் போய்விடுமோ என்று அவசரமாகப் புரோகிராமை ஓட்டினேன்.

படம் வந்தது. பிழை என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் நெடுக்காக ஓட வேண்டிய சிவப்புக் கோடுகள் குறுக்கே கிடந்தன. பாவு, குறுக்கு நூலான ஊடையாகியிருந்தது.

"இன்னாங்க இது, நூலெல்லாம் படுத்துகினு கீது?" என்றார் தறிக்காரர்.

"என்னுது சரியாத்தான் கீது" என்றார் பாவா.

"என்னுதும் சரிதான் பாவா!" என்று கத்தினேன்.

இரண்டுமே உண்மை. ஃபோர்ட்ரான் அட்டவணையை நெடுக்காக அடுக்கும், பாஸ்கல் குறுக்காகப் படிக்கும். ஒரே வீட்டில் சாப்பிட்டும் இதை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. இருவருக்கும் சரி சரி என்று தலையாட்டிய அந்தக் கற்பனை எந்திரத்தை எட்டி உதைக்கத் தோன்றியது. உதைக்க அது எங்கே இருக்கிறது?