இடது கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக்

என் வலது கையில் மூன்று விரல்கள்தான் முழுசாக இருக்கின்றன. ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை. கட்டை விரல் பாதியில் நின்றுவிட்டது. ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் நாங்கள் கூலிக்கு ஓட்டிய விசைத்தறியின் பல்சக்கரத்தில் அவை போயின. அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சக்கரத்துக்கு இரும்பில் ஒரு மூடி உண்டு. எண்ணெய் விடத் தோதாக இருக்கட்டும் என்று கொட்டகை முதலாளி எல்லாத் தறிகளிலும் மூடியைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார். கரண்டு போன நேரம் பார்த்து, சக்கரத்தில் சிக்கிய நூலை நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். தறி அன்றைக்கு அண்ணன் பொறுப்பில் இருந்தது. கரண்டு போனால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது தறி ஓடும் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் அணைக்காமல் வெளியே போய்விட்டான். கரண்டு வந்துவிட்டது.

வீட்டில் அதைத் தலையெழுத்து என்றார்கள். சுவிட்சை அணைக்காதது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அண்ணன் நன்றாகப் படித்தான், இன்ஜினியரிங் சேர்ந்தான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்கு ஏற்றிக்கொண்டு போன காலம் அது. அவனும் போனான். என்னைப் பற்றி நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இருந்த யோசனை ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கையோடு இவளுக்குக் கல்யாணம் கஷ்டம், உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கற்றுக்கொள்ளட்டும். அப்படித்தான் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமோ சேர்ந்தேன். முடித்ததும் அங்கேயே சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டேன்.

சாயங்கால வகுப்பு முடிந்ததும் மெஷின்கள் சும்மா இருக்கும். மாணவர் ஒருவர் கொண்டுவந்த சிடியில் விண்வெளிக் கப்பல் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. ஒரு நிலையத்தில் சரக்கு ஏற்றி இன்னொன்றில் இறக்க வேண்டும். வழியில் துரத்துகிறவர்களிடமிருந்து தப்பிக்க வேண்டும், முடிந்தால் சுட வேண்டும். நான் அதில் மாட்டிக்கொண்டேன். அத்தனை பெரிய இருட்டில் ஒரு கப்பல் முழுக்க என் பொறுப்பில் இருந்தது எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் கீபோர்டில் அதைச் சரியாக ஓட்ட முடியாது. பட்டனை அழுத்தினால் கப்பல் முழுசாகத் திரும்பும், விட்டால் நிற்கும். கொஞ்சமாகத் திரும்பு என்று பட்டனிடம் சொல்ல வழியில்லை. நிலையத்தின் வாசல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், நாமும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் வாசல் விளிம்பில் மோதிச் சிதறினேன். இதற்கு ஜாய்ஸ்டிக் வேண்டும் என்று புரிந்தது. குச்சியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவுதான் கப்பல் திரும்பும்.

ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எவரிகம்மா, தம்முடிகா?” என்றார். தம்பிக்கா என்று கேட்கிறார். எனக்குத்தான் என்றேன். அவர் சிரித்தார். எனக்கு எரிந்தது. அவரிடம் ஒரே ஒரு மாடல்தான் இருந்தது. வலது கைக்கென்றே வார்த்த பிடி. உள்ளங்கை உட்காரும் இடத்தில் ஒரு மேடு, கட்டை விரலுக்கு ஒரு பள்ளம், ஆள்காட்டி விரலுக்குச் சுடுகிற விசை. என்னிடம் இல்லாத இரண்டு விரல்களுக்காகவே செய்தது போல இருந்தது.

அப்போது அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவன் வருவதற்கு முன்பு ஈமெயில் எழுதினேன். ஒன்றுமே கேட்காத தங்கை கேட்கிறேன், ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கி வா, இடது கையால் பிடிக்கிற மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதையே எழுதினேன். கட்டாயம் வாங்கி வருகிறேன் என்று பதில் வந்தது.

பெண் வீடு சித்தூரில். வசதியானவர்கள், நாங்கள் கூலித் தறிக்காரர்கள். மாப்பிள்ளையின் அமெரிக்கா அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாளே அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தாம்பூலம் கொடுக்கும்போது வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள் என்றாள். இடது கையாலும் கொடுக்கக் கூடாதாம், அபசகுனம். அப்படியென்றால் எதால் கொடுப்பது என்று கேட்டேன். அம்மா தாம்பூலத் தட்டை என் சித்தி கையில் கொடுத்துவிட்டாள். சொந்த அண்ணன் கல்யாணத்தில் நான் இரண்டு நாளும் கையை மறைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் முடிந்த சாயங்காலம் பெண் வீட்டுக் கூடத்தில் அண்ணன் பெட்டியைத் திறந்து, கொண்டுவந்ததையெல்லாம் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தான். எனக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டி. மேலே விண்கலம் ஒன்று தீ கக்கிக்கொண்டு போகும் படம். எல்லாருக்கும் ஆச்சரியம். தங்கை எதைக் கேட்டாலும் வாங்கிக் கொடுக்கிற அண்ணன் என்று யாரோ சொன்னார்கள். பிரித்துக் காட்டச் சொன்னார்கள். பிரித்தேன்.

கடையில் பார்த்ததற்கே அண்ணன் மாதிரி இருந்தது அது. வலது கைக்காக இன்னும் ஆழமாகக் குடைந்த பள்ளங்கள், இன்னும் அதிகமான பட்டன்கள். பிடித்துக் காட்டு, பிடித்துக் காட்டு என்றார் அண்ணனின் மாமனார், ஆசையாகத்தான். நான் இடது கையில் எடுத்தேன். மேடு உள்ளங்கையின் தப்பான பக்கத்தில் குத்தியது. இடது கட்டை விரல் எட்டிய இடத்தில் பட்டன் ஒன்றும் இல்லை. அது அந்தக் கை இல்லம்மா, இந்தக் கை என்று அவரே சொல்லி, என் முந்தானையிலிருந்து வலது கையை இழுத்துக் குச்சியின் மேல் வைத்தார். அப்புறம்தான் அவர் பார்த்தார். கூடமே பார்த்தது. பெண்ணின் அம்மா ‘அய்யோ பாவம்’ என்றாள். அண்ணன் குனிந்து பெட்டியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

நான் அழவில்லை. அழுதேன் என்று பிறகு அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள், அது பொய். எனக்கு வந்தது கோபம்தான். ஜாய்ஸ்டிக்கை அட்டைக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் எனக்கு வகுப்பு இருந்தது. திருப்பதியில் ஒரு நண்பனைப் பார்க்க வேண்டும், காரிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்றான் அண்ணன். வாடகைக் கார். டிரைவருக்குத் தமிழும் தெரியும் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. ஊரைத் தாண்டினோம். அவனேதான் ஆரம்பித்தான். கடையில் இருந்ததிலேயே அதுதான் சிறந்தது என்று சொன்னார்களாம். எனக்கே கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வேன் என்று நினைத்தானாம்.

“ரெண்டு தபா எழுதினேன்ணா. எந்தக் கைன்னு உனக்கு மறந்துபோச்சா?” என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கரும்பு லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அது போய் மறைந்த பிறகு சொன்னான்: “நான் அந்தக் கையப் பாக்கறதே இல்ல. அன்னிலேர்ந்து பாத்தது இல்ல. நீ எதால துன்றன்னுகூட எனக்குத் தெரியாது.”

இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று இந்தக் கதையைக் கேட்ட தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். வரவில்லை. இத்தனை வருஷமாக என் கை அவனுடைய துக்கமாக இருந்திருக்கிறது. அவன் பார்க்காமல் இருப்பதற்கு வசதியாக ஒரு கடலைத் தாண்டியும் போய்விட்டான்.

“பாக்கலன்னா உனக்கு இல்லாம பூடும். எனக்கு? நான் அந்தக் கைய வச்சிக்கினுதான் தெனமும் எழுந்துக்கறேன்” என்றேன். பிறகு, அதுவரை யாரிடமும் எடுக்காத பேச்சை எடுத்தேன். “சுவிட்சு நீ அணைக்கலன்னு நான் யாராண்டயாவது சொன்னனா?”

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அண்ணன் மெல்ல, “சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்” என்றான்.

அதுவும் என் தப்புதான் என்று ஆகிவிட்டது. போன விரலும் என்னுடையது, வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான், இப்போது அவன் மனசு ஆறாததற்கும் நானே காரணம். வண்டியை நிறுத்துங்கள் என்று டிரைவரிடம் தெலுங்கில் சொன்னேன். வழியில் உள்ள புத்தலப்பட்டு வந்திருந்தது. அண்ணன் கையை நீட்டித் தடுத்தான். இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். அட்டைப் பெட்டி காரிலேயே இருந்தது. அவன் கொஞ்ச நேரம் காரை நிறுத்தி வைத்திருந்தான். நான் திரும்பிப் போகவில்லை. திருப்பதி பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன். உட்கார இடம் இல்லை, கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியெல்லாம் அவனுக்கு இன்னும் என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரமே கடைக்குப் போனேன். சென்னையிலிருந்து சரக்கு வரும்போது வேறு வேறு மாடல்களாக ஜாய்ஸ்டிக் வரவழைக்க வேண்டும், பிரித்துப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றேன். பெட்டியைப் பிரித்தால் விற்க முடியாது என்றார் கடைக்காரர். வலது கையை மேஜை மேல் வைத்தேன். முந்தானை, துப்பட்டா எதுவும் இல்லாமல், கடை விளக்கு வெளிச்சத்தில். இதற்குப் பொருந்துகிற மாதிரி உங்களால் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்க முடியுமா என்று கேட்டேன். அவர் பாவம் என்று சொல்லியிருந்தால் அங்கிருந்தும் கிளம்பி வந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை வரச் சொன்னார்.

சனிக்கிழமை அவர் ஒரு அட்டைப் பெட்டி நிறைய இருந்ததை மேஜை மேல் கொட்டினார். முதலில் இரண்டு கையாலும் பிடிக்கிற கேம்பேடைக் காட்டினார். அதற்கு இரண்டு கட்டை விரலும் முழுசாக வேண்டும், தள்ளி வைத்தேன். ஒரு ஜாய்ஸ்டிக் பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் அடிப்பாகம் இலேசு. குச்சியைச் சாய்த்தால் மொத்தமும் கூடவே சாய்ந்தது. ஒரு கையால் அடியைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு அது சரி, எனக்குச் சரிவராது. இன்னொன்றில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, விட்டால் நடுவுக்குத் திரும்பாமல் தலை ஆட்டிக்கொண்டு நின்றது. மற்றொன்றில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதற்குச் சின்னச் சக்கரம். என் மூன்று விரல்களால் அதைத் திருகிப் பார்த்தேன், வழுக்கியது. கடைக்குள் வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கல்லூரி மாணவன் ஒருவன், எது வாங்கினாலும் ஒன்றுதான் மேடம் என்று ஆலோசனை சொன்னான். உனக்கு ஒன்றுதான் என்றேன்.

கடைசியில் எடுத்தது கறுப்பாக, சாதாரணமாக, மற்றவற்றுக்குப் பக்கத்தில் ஏழையாக இருந்தது. பிடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நேராக இருந்தது. சுடும் விசை முன்னால் நடுவில். உச்சியில் இரண்டு பட்டன்கள், எந்தக் கைக் கட்டை விரலுக்கும் எட்டும். அடிப்பாகம் கனம். வேகத்துக்குச் சக்கரம் இல்லாமல் தட்டையான ஒரு நெம்புகோல். அதை உள்ளங்கை ஓரத்தாலேயே தள்ளலாம். தள்ளிப் பார்த்தேன். என் வலது கை அந்த வேலையைச் சிரமமே இல்லாமல் செய்தது. கடையில் வேறு எதையும் அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

சென்டரில் பொருத்தி, பட்டன்களுக்கு வேலைகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, எனக்கு வாகாக அமைக்க ஒரு வாரம் ஆனது. அதன் பிறகு ஒரு சாயங்காலம் நிலையத்தின் வாசலுக்கு எதிரே கப்பலைக் கொண்டுவந்தேன். குச்சியைக் கொஞ்சமே கொஞ்சம் சாய்த்தேன். கப்பல் கொஞ்சமே கொஞ்சம் சுழன்றது. வாசலும் நானும் ஒரே வேகத்தில் சுற்றினோம், நெம்புகோலை மெல்லப் பின்னுக்கு இழுத்தேன், உள்ளே போய்விட்டேன். பக்கத்து அறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த சென்டர் மேனேஜர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். நான் சத்தம் போட்டது எனக்கே தெரியவில்லை.

அண்ணனோடு நான் ஒரு வருஷத்துக்கும் மேல் பேசவில்லை. வீட்டுக்குப் போன் செய்யும்போது என்னைக் கேட்பான், நான் எடுக்க மாட்டேன். அம்மா எனக்குத்தான் புத்தி சொன்னாள். இவ்வளவு பெரிய கோபமா ஒரு விளையாட்டுச் சாமானுக்கு என்றாள்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அவன் தனியாகத் திருப்பதிக்கு வந்தான். சென்டரில் என் மாணவர்கள் போகும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வந்து, ஓட்டிக் காட்டு என்றான். ஓட்டினேன். திரையைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவன் பார்வை கீழே, நெம்புகோல் மேல் இருந்த என் கையில் இருந்தது. வெகு நேரம் அதை விட்டு எடுக்கவே இல்லை.

“இப்பவும் வலிக்குதா?” என்று கேட்டான்.

அந்தக் கையைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. குளிர்காலத்தில் வலிக்கும், மழைக்கு முன்பும் கொஞ்சம் என்றேன். சுவிட்சை அணைக்காதது தான்தான் என்று நைனாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். நைனா என்ன சொன்னார் என்று கேட்டேன். எழுந்து தறிக்குப் போய்விட்டார் என்றான்.

எனக்கு நைனா மேல் கோபம் வந்தது. அண்ணன் மேல் இருந்தது குறைந்ததா என்று கேட்டால், கொஞ்சம் குறைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மன்னித்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நான் சரக்கை இறக்கி முடித்துவிட்டு மெஷினை அணைத்தேன். இருவரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாப்பிடப் போனோம். இலை போட்டார்கள். அவனுக்கு எதிரே உட்கார்ந்து, வலது கையாலேயே சாப்பிட்டேன். அவன் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.