பழகின உடம்பு

தையல்காரி ஒரு படுக்கை விரிப்பை நடுவில் நெடுக வெட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி விரிப்பு எப்போதும் நடுவில்தான் நையும். அதை இரண்டாக வெட்டி, கெட்டியான ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்துத் தைத்தால் இன்னும் பத்து நோயாளிகளைத் தாங்கும். தையல் அறை பிரசவ வார்டுக்கு எதிரே இருந்தது. அந்த வேலைதான் அவளுக்குச் சோறு போட்டது.

ஜன்னலில் நாத்தனாரின் தலை தெரிந்தது.

"என்ன அண்ணி, மிஷின் ஓடுதா, நீங்க ஓடுறீங்களா?"

பின்னால் நாத்தனாரின் மகள் நின்றாள். கணவன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் தாயோடு இருந்தாள். தலைச்சூல். சுவரில் தோளைச் சாய்த்து, பலப்பத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பிரசவத்துக்குப் பழைய மெத்துத் துணி கொஞ்சம் வேணும்" என்றாள் நாத்தனார்.

தையல்காரி கத்தரியை வைத்துவிட்டு வெளியே வந்து, பெண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். வெளுத்த நூல்கண்டு மாதிரி இருந்தது.

"காய்ச்சல் வந்துதா?"

"வந்துது, போச்சு" என்று தாய் முந்திக்கொண்டாள். "மருந்துக்கடையில விரல்ல குத்திப் பாத்தாச்சு. மலேரியா இல்லையாம். சின்ன வயசுலேர்ந்து எத்தனை மலேரியாவப் பாத்தவ. பழகின உடம்பு அண்ணி. எல்லாரும் உங்கள மாதிரியா இருப்பாங்க?"

பழகின உடம்பு. இந்தச் சொல்லைத் தையல்காரி முன்பும் கேட்டிருக்கிறாள். அவள் முதல் பிள்ளையைச் சுமந்தபோது ஆஸ்பத்திரியில் மருந்து தோய்த்த கொசுவலை கொடுத்தார்கள். அப்போது கல்யாணமாகாத நாத்தனாரின் இடுப்பில்தான் வீட்டுச் சாவி தொங்கியது. "பழகின உடம்புக்கு வலை எதுக்கு? கோழிக்குஞ்சுக்காவது ஆகட்டும்" என்று அதை வெட்டிக் கூண்டுக்கு மூடினாள். அந்தப் பகுதியில் வளர்ந்த எல்லோரும் நம்பியதுதான் அது. பெரியவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் போர்த்திப் படுத்து மறுநாள் எழுந்துவிடுவார்கள். தையல்காரியும் அப்படித்தான் எழுந்து நடந்தாள். பிள்ளை பூனைக்குட்டி அளவில் பிறந்து, ஒரு வாரம் தாங்கவில்லை. நஞ்சுக்கொடி முழுக்க மலேரியாக் கிருமி என்று ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து மருத்துவச்சி சொன்னாள்.

நாத்தனார் அந்தச் சொல்லில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். "அவ நஞ்சே பிள்ளையைத் தின்னுடுச்சு" என்று குழாயடியில் சொன்னாள். அன்று முதல் தெருவில் தையல்காரிக்கு நஞ்சுக்காரி என்று பெயர். பிறகு கொழுகொழுவென்று இரண்டு பிள்ளைகள் பிறந்தும் அந்தப் பெயர் போகவில்லை.

இப்போது வாயைத் திறக்காமல் துணியைக் கொடுத்து அனுப்பினால் போதும். மீதியைக் கொசு பார்த்துக்கொள்ளும். அந்த நினைப்பு இனித்தது என்பதைத் தையல்காரி தனக்குத்தானே மறைக்கவில்லை. துணியை எடுக்கவும் போனாள்.

"அத்தை" என்றாள் பெண், மெதுவாக. "ரெண்டு நாளா உள்ள அசைவு கம்மியா இருக்கு."

"தலைப்பிள்ளை சோம்பேறியாத்தான் இருக்கும்" என்றாள் தாய்.

தையல்காரியின் கை அலமாரிக் கதவிலேயே நின்றது. இந்தப் பிள்ளை போனால் நாத்தனாருக்கா வலிக்கும்? அழுது முடித்ததும் அதே வாய், அதே சொல்லை எடுத்துப் பெற்ற மகள் தலையிலேயே கட்டும். பேசாமல் இருந்தால் அது பழி தீர்த்ததாகாது; அவளுக்கு இன்னொரு கதையைத் தானம் பண்ணியதாகும்.

"ரெண்டு பேரும் வாங்க" என்றாள்.

கர்ப்பிணிகள் வரிசையில் பாதிப் பேர் அவர்கள் தெருப் பெண்கள். தையல்காரிக்கு அதுதான் வேண்டியிருந்தது. அசைவு குறைந்தது என்றதும் பெண்ணை நர்ஸ் உடனே உள்ளே அழைத்துப் போனாள். பிள்ளையின் இதயத்துடிப்பு இருந்தது. ஆனால் பிள்ளை சிறிசு, பெண்ணுக்கு ரத்தம் மிகக் குறைவு. கைநரம்பில் எடுத்த ரத்தத்தை ஆய்வகத்தில் பார்த்ததில் மலேரியா தெரிந்தது. டாக்டர் மருந்து எழுதினார். நர்ஸ் வராந்தாவுக்கு வந்து சொன்னபோது நாத்தனார் ஒப்பவில்லை.

"மருந்துக்கடையில இல்லைன்னாங்களே. அவளுக்குப் பழகின உடம்பு."

"நர்ஸம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள் தையல்காரி. "எங்க நாத்தனாருக்குக் காது ஒரு பக்கம்தான் கேக்கும்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நர்ஸ் உண்மையென்றே நம்பிக் குரலை உயர்த்தினாள்.

"குழந்தையா இருக்கறப்போ ஒவ்வொரு காய்ச்சலா வந்து வந்து, உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டுக்குதும்மா. அதுக்குள்ள எத்தனையோ குழந்தைங்க போயிடுது, அது வேற. தப்பிச்சவங்களுக்குத்தான் உங்க பழகின உடம்பு. ஆனா கர்ப்பத்துல நஞ்சுக்கொடின்னு ஒரு புது இடம் வருது. கிருமி சட்டையை மாத்திக்கிட்டு அங்க போய் ஒட்டிக்குது. அந்தச் சட்டையை உடம்பு முன்னப்பின்ன பாத்ததில்ல. விரல்ல எடுக்கற சொட்டு ரத்தத்துல சில சமயம் அது தெரியாது. தாய்க்கு ரத்தம் குறையும், பிள்ளை வளராது. அடுத்தடுத்த கர்ப்பத்துல உடம்பு கொஞ்சம் சுதாரிச்சுக்கும். தலைப்பிரசவம்தான் ஆபத்து."

"இவளைப் பெத்தப்போ எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"தெருவுல கல்லு விழுந்தா எல்லார் மண்டையுமா உடையுது? தப்பிச்சீங்க."

"அப்போ இது தாயோட உடம்புல இருக்கற விஷம் இல்ல?" என்று தையல்காரி கேட்டாள்.

"விஷமா? யாரு சொன்னது?"

"ஒரு அறிவாளி சொன்னா. அப்படிப்பட்ட தலைச்சூல்காரியோட வலையை எடுத்துக் கோழிக்கு மூடினா?"

"பிள்ளையைக் கொசுவுக்குக் குடுத்த மாதிரிதான்."

நர்ஸ் அடுத்த சீட்டை எடுத்தாள். குழாயடிக் கதை பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மருமகளோடு வந்திருந்த எண்ணெய்க்கடைக்காரி முழங்காலைத் தடவிக்கொண்டே, "நஞ்சுக்காரின்னு பேரு வெச்சது நீதானேடி?" என்றாள்.

நாத்தனார் தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தையல்காரி நின்று, நிதானமாக அனுபவித்தாள்.

"அண்ணி, தெரியாம..."

"தெரியாமத்தான் வலையை எடுத்தே. பேரைத் தெரிஞ்சேதான் வெச்சே."

நர்ஸ் கண் முன்னாலேயே பெண் முதல் மாத்திரையை விழுங்கினாள். தினமும் வந்து காட்டச் சொல்லி நர்ஸ் அவர்களை வீட்டுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை தையல்காரி கைவண்டியோடு நாத்தனார் வாசலில் போய் நின்றாள். தெருவே குழாயடியில் இருந்த நேரம் பார்த்துத்தான் போனாள்.

"பிள்ளை பிறக்கற வரைக்கும் இவ என் வீட்டுல இருப்பா. உன் வீடு கர்ப்பிணிப் பொண்ணுங்களுக்கு ஆகாது."

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகள் அதற்குள் துணிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"நான் வந்து பாக்கலாமா அண்ணி?"

"சாயங்காலம் வா. கதவைத் தட்டிட்டு நில்லு. நான் திறந்தா உள்ள வா."

மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றி, பெண்ணை முன்னால் நடக்கவிட்டு, தையல்காரி குழாயடி வழியாகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.