சேலைக்குப் பின்னால் பாடியவர்

நானும் என் மூன்று நண்பர்களும் ஸ்பீக்கர் பைத்தியங்கள். அன்று அஸ்தம்பட்டியில் என் வீட்டில் போட்டி: என் பழைய ஜோடியா, கொள்ளை விலை கொடுத்து வாங்கிய புது ஜோடியா? பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல, ஸ்பீக்கர்களுக்கு முன்னால் ஒரு மெல்லிய சேலையைக் கட்டிவிட்டேன்.

இரண்டாவதாகப் பாடிய ஜோடிக்கே மூவரும் ஓட்டுப் போட்டார்கள். "குரல் ரூம் முழுக்க விரியுதுப்பா!" அதுதான் புதுசு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது என் மனைவி வந்தாள். வெண்ணந்தூரில் சொந்தமாக விசைத்தறி ஓட்டுகிறவள்.

"ஏனுங்க, மாதிரிச் சேலையை எதுக்குங்க இங்க கட்டுனீங்க?" என்றவள், புது ஜோடியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டு நின்றாள். "பாடறவரு நடுவுல நிக்கலீங்களே. தவிலும் வத்திப்போன மாதிரி கேக்குது."

"உனக்கென்ன தெரியும்?" என்றேன், எல்லோர் முன்னிலையிலும்.

"பின்னாடி போயி ஒயரைப் பாருங்க."

பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் நானே மாற்றிச் சொருகியிருந்தேன்; ஒன்று தள்ள, மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. சரிசெய்ததும் பாடகர் நடுவில் வந்து நின்றார். தவில் நெஞ்சில் அடித்தது.

"தறியில ரெண்டு பக்கமும் ஒத்து ஓடலீன்னா துணியே வராதுங்க" என்றபடி சேலையை அவிழ்த்துக்கொண்டு போனாள்.

இப்போது நண்பர்கள் யார் ஸ்பீக்கர் வாங்கினாலும், "தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க" என்றுதான் எனக்குப் போன் வருகிறது. நடு நாற்காலியில் அவள் கண்மூடி உட்காருவாள். நான் பின்னால் நின்று ஒயர் மாட்டுவேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.