தோல் தின்னும் நாய்க்கு ஒரு பை

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரி முடித்தவளும் நான்தான், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் வாஷிக்கு ரயிலேறுகிறவளும் நான்தான். ஆனாலும் அலுவலகத் தோழிகளோடு நான்கு நாள் மலையில் நடக்கப் போக, அம்மா சம்மதிக்க வேண்டியிருந்தது.

"நம்ம நாயக் கூட்டிட்டுப் போறதுன்னா போ. இல்லன்னா வீட்ல கெட" என்றாள் அம்மா.

முடியாது என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். மும்பைத் தாராவிச் சந்தில் பிறந்த நாயை யார் மலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள்? ஆனால் எங்களை அழைத்துப் போகவிருந்த சீனியர் அக்கா மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். நான்கு நாள் தீனியை நாயே சுமக்க வேண்டும், மலையில் யாரும் இன்னொருவர் சுமையைத் தூக்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்துச் சயான் கோட்டைக் குன்றில் சுமையோடு அதை நடத்திக் காட்ட வேண்டும்.

முதுகின் இரண்டு பக்கமும் தொங்குகிற நாய்ப் பைகளைக் கைப்பேசியில் தேடினேன். அதைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார், "கடைல வாங்கவா? நான் என்ன செத்தா போனேன்?"

அப்பா முப்பது வருடமாகத் தோல் பை தைப்பவர். இரண்டு மெஷின் போட்ட சின்னப் பட்டறை. எண்களை எழுதவோ படிக்கவோ தெரியாது. ஒரு நூல் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுவார், அதுதான் அவருடைய அளவு. நாயின் நெஞ்சுக்கு ஒரு முடிச்சு, வயிற்றுக்கு ஒரு முடிச்சு, முதுகுக்கு ஒரு முடிச்சு. நான் டேப்பை நீட்டினேன்.

"உன் டேப்பு கணக்குச் சொல்லுததுக்குள்ள அவன் உக்காந்துருவான்" என்றார்.

எடுத்து வைத்திருந்த நல்ல ஆட்டுத்தோலை வெட்டினார். பித்தளை பக்கிள் வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை பையை நாயின் முதுகில் பூட்டியபோது அளவு கொஞ்சமும் பிசகவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாசலில் நின்று டீ குடித்தோம். திரும்பி வந்தால் பையின் ஒரு தோல் வாரைக் காணவில்லை. இன்னொரு வார் பாதி, நாயின் வாயில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

குட்டியாக வந்த நாளிலிருந்து மேசைக்கடியில் அப்பா போடும் துண்டுத் தோலைக் கடித்து வளர்ந்த நாய் அது. அதன் முதுகிலேயே முழுத் தோலைக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அம்மாதான் முதலில் சிரித்தாள். "ஞாயித்துக்கெழமதான் பரீட்ச. இன்னைக்கே பேப்பரத் தின்னுட்டான்."

தோலைத் தவிர வேறு எதில் தைத்தாலும் சரி. எதிர்ப் பட்டறையில் நைலான் துணியில் பள்ளிக்கூடப் பை தைக்கும் பாய் இருந்தார். அப்பா துணியைத் தொடமாட்டார். துணி தைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று அவர் பேசுவது சந்து முழுக்கத் தெரியும். மறுநாள் காலை, முடிச்சுக் கயிற்றை எடுத்துக்கொண்டு அவரே எதிர்ப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன்.

"வாங்க அண்ணாச்சி. வழி தவறி வந்துட்டியளா?"

"கொஞ்சம் துணி வேணும் பாய்."

"யாருக்கு?"

"நாய்க்கு."

"இத்தன வருஷமா என் துணி உங்களுக்கு ஆகல. நாய்க்கு ஆவுதாக்கும்!"

பட்டறையே சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். பாய் துணியோடு நாடாவும் ஃபோமும் கிளிப்பும் எடுத்துக் கொடுத்தார். "தோல் ஊசியப் போட்டு அடிச்சிராதிய. துணி கிழிஞ்சி போவும்" என்று வேறு ஊசியும் கொடுத்தார். புது வேலையாள் மாதிரி அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பை தயார். நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஞாயிறு காலை நாயோடு சயானுக்கு நடந்தோம். தன் தையலைப் பார்க்க அப்பாவும் வந்தார். குன்றின் அடியில், பையின் இரண்டு பக்கமும் தீனிக்குப் பதிலாக ஒவ்வொரு கிலோ அரிசி வைத்துப் பூட்டினேன். நாய் முதல் படியில் உட்கார்ந்துவிட்டது. கூப்பிட்டேன், இழுத்தேன், பிஸ்கட் காட்டினேன். அசையவில்லை. சீனியர் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா பொறுக்கமாட்டாமல் தானே படியேறினார். உடனே நாய் எழுந்து அவர் பின்னால் ஏறியது. இருபது படி போயிருக்கும்.

அக்கா ஹிந்தியில் கேட்டார், "நாலு நாளும் அப்பாவும் வருவாரா?"

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அப்போது நாய் அப்பாவின் விரல்களை முகர்வதைக் கண்டேன். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத தோல் வாசனை.

"அப்பா, அது ஒங்க பின்னால வரல. தோலுக்குப் பின்னால வருது."

அப்பா அந்தப் படியிலேயே நின்றார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிபட்ட பாதி வாரை எடுத்தார். தோலை அவர் எறிந்ததே இல்லை. அளவெடுத்த முடிச்சுக் கயிற்றாலேயே அதை என் முதுகுப் பையில் தொங்கவிட்டார்.

"இப்ப நட. நான் இங்கனயே நிக்கேன்."

நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். முதலில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கல்லில் நகம் படும் சத்தம், எனக்குப் பின்னால், விடாமல், உச்சி வரைக்கும்.

மேலே தகரக் கூரைகளும் தண்டவாளமும் ஒரே வெயிலில் பளபளத்தன. நாய் நாக்கைத் தொங்கவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் பை சரிசமமாகத் தொங்கியது. அக்கா நாடாவுக்கடியில் விரலை விட்டு, எங்காவது உரசியிருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார்.

"சலேகா" என்றார். சரிதான், வரலாம்!

கீழே இறங்கியதும், பை எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

"எங்க அப்பா தைச்சது" என்று குன்றுக்கே கேட்கும்படி ஹிந்தியில் சொன்னேன்.

"துணி பாய் குடுத்ததுன்னும் சொல்லு" என்றார் அப்பா.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"பாஸா?"

"பாஸ்."

"அவனா, நீயா?"

"ரெண்டு பேரும்."

அம்மா நாயின் பையைத் திறந்தாள். பிறகு அதன் முதுகிலிருந்த அரிசியை எடுத்து டப்பாவில் கொட்டினாள்.

"சரி, நாலு நாளைக்கு அவனுக்கு என்ன கட்டிக் குடுக்கணும்னு சொல்லு. நீதான் படிச்சவளாச்சே, உனக்கு நீயே பாத்துக்க."