தேங்காய் எண்ணெயும் டிஸ்க் பிரேக்கும்

சென்ற வாரம் உங்களிடம் சொல்லாமல் மறைத்த ஒரு செய்தி — நான் நெல்லில் விழுந்தேன்.

சிரிக்காதீர்கள். சனிக்கிழமை, ஸ்கூல் லீவு. காவிரிப் பாலத்து இறக்கத்தில் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். அறுவடை சமயத்தில் எங்கள் பக்கம் ரோடு என்பது பாதி களம்தானே! நான் மவுண்டன் பைக்கில் வந்தேன். வீட்டிலிருந்து அதுவரை பிரேக்குக்கு வேலை இல்லை. இறக்கத்தில் லீவரைப் பிடித்தேன். நிற்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். சைக்கிள் அது பாட்டுக்குப் போனது. கடைசியில் குவித்து வைத்திருந்த நெல்தான் என்னை நிறுத்தியது.

நெல்லுக்குச் சொந்தக்காரி சாந்தி ஓடி வந்து தூக்கிவிட்டாள். "ஐயோ டீச்சர், அடி பட்டுடுச்சா?"

முட்டியில் சிராய்ப்புதான் என்றேன். உடனே குரல் மாறியது. "நெல்லா இருந்ததால தப்பிச்சீங்க. மொளகா காயப்போட்டிருந்தா என்னத்துக்கு ஆகுறது? இந்த வயசுல இதெல்லாம் தேவையாங்க?"

இந்த வயசுல... எனக்கு ஐம்பத்து நான்கு. மயிலாடுதுறையில் கணக்கு டீச்சர். சைக்கிள் என் மகனுடையது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனான். எங்கள் தெருவில் எந்த வீட்டை எட்டிப் பார்த்தாலும் இதே கதைதான். பிள்ளை வெளிநாட்டில், அவன் ஆசையாய் வாங்கிய கிடாரோ டிரெட்மில்லோ போர்வைக்கு அடியில். நான் போர்வையை எடுத்தேன். அதுதான் நான் செய்த குற்றம்.

"மலையே இல்லாத ஊர்ல மவுண்டன் பைக்கா?" என்று கேட்காத ஆள் கிடையாது. இருக்கட்டுமே! விடியற்காலை, அடுப்படியும் ஸ்கூல் மணியும் என்னைக் கூப்பிடும் முன்பு, ஆற்றங்கரையில் நான் ஓட்டுகிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கே எனக்கு. அதை யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.

சரி, பிரேக் ஏன் பிடிக்கவில்லை? வீட்டில் விசாரணை வைத்தேன்.

"நேத்து கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. எண்ணெய் விட்டேன்" என்றார் வீட்டுக்காரர், பெருமையாக.

எங்கே விட்டார்? சக்கரத்தின் நடுவில் இருக்கிற வட்டத் தகட்டில். டிஸ்க்கில்! முன்னும் பின்னும்! அதுவும் பட்டுக்கோட்டையிலிருந்து அவர் தங்கை அனுப்பிய செக்குத் தேங்காய் எண்ணெய். நம் வீடுகளில் கதவு கத்தினால் எண்ணெய், தையல் மெஷின் கத்தினால் எண்ணெய், குழந்தை கத்தினாலும் உச்சியில் எண்ணெய். அன்பில் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேட் அந்தத் தகட்டைக் கவ்விப் பிடிப்பதால்தான் வண்டியே நிற்கிறது. அங்கே போய் வழவழப்பாக்கினால்?

அடுத்த கூத்து சைக்கிள் கடையில். விழுந்ததில் கோணிய சக்கரத்தைச் சரிபார்க்கக் கொண்டுபோனேன். நம் கடைகளில் முதல் வேலை என்ன? சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்ப்பது. சாதா சைக்கிளுக்கு ஒன்றும் ஆகாது. இதிலோ பிரேக் கம்பிக்குப் பதில் மெல்லிய டியூப், அதற்குள் ஆயில். கவிழ்த்ததும் லீவரில் மேலே நின்ற காற்று டியூபுக்குள் புகுந்துவிட்டது. நிமிர்த்திப் பிடித்தால் லீவர் தொளதொளவென்று ஹேண்டில்பார் வரை வருகிறது.

"மோட்டார் பைக்குக்கு ஊத்துற பிரேக் ஆயிலையே ஊத்திடலாம் டீச்சர்" என்றார் கடைக்காரர். லீவர் மூடியிலோ 'மினரல் ஆயில் மட்டும்' என்று இங்கிலீஷில் பொறித்திருக்கிறது. மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். "வேண்டாங்க" என்று உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை வீடியோ காலில் மகன். "அம்மா, அது ஆயில்ல வேலை செய்யற ஹைட்ராலிக் பிரேக். உனக்கெல்லாம் செட் ஆகாது. தஞ்சாவூர்ல என் ஃபிரெண்ட் சைக்கிளக் கேக்குறான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குவான்."

வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? எனக்கு வந்ததே கோபம்!

"நிக்காத வண்டிய வச்சு என்னம்மா பண்ணப் போற?"

"நின்னுட்டா?"

"நின்னுட்டா நீயே வச்சுக்க" என்று சிரித்தான்.

சொன்னான் அல்லவா? போதும்.

புது பேட், மினரல் ஆயில் இரண்டும் கூரியரில் வந்தன. டிஸ்க்கைத் துடைக்க மெடிக்கல் ஷாப்பில் போய் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கேட்டேன். "ஆல்கஹாலா... உங்களுக்கா டீச்சர்?" என்றார் கடைக்காரர். ஞாயிறுதோறும் சர்ச்சில் அவருக்கு முன்வரிசையில் உட்காருகிறவள் நான்.

அதை வைத்து டிஸ்க்கைத் துடைத்தேன்; எண்ணெய் ஊறிய பேட்டுகளைக் குப்பையில் போட்டேன். பேட்டுகள் உட்காரும் கவ்வி, அதுதான் காலிப்பர், அதன் வாயில் ஒரு கட்டையைச் செருகி, லீவர் மேலிருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, அங்கே ஒரு சிரிஞ்சைப் பொருத்தி ஆயில் ஊற்றினேன். லீவரை மெல்ல அமுக்கினால்... குமிழி! அமுக்க அமுக்க, உள்ளே புகுந்த காற்றெல்லாம் குமிழியாய் வெளியே வந்தது. அது நின்றபோது லீவர் கல் மாதிரி ஆகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"நான் எதாவது செய்யட்டா?" என்றார் வீட்டுக்காரர்.

"செய்யுங்க. அந்தத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அலமாரில வச்சுப் பூட்டுங்க."

புது பேட் மாட்டியும் தகடு சர்ர் சர்ரென்று உரசியது. காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரைப் பிடித்தபடியே திரும்ப முடுக்கினேன். உரசல் போயிற்று. புது பேட் உடனே கவ்வாது; ஓட்டி ஓட்டிப் பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். தெருவில் நான் போவதும் நிற்பதும் போவதும் நிற்பதுமாக இருந்ததைப் பார்த்து, எதிர்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்தால் வாசலில் தஞ்சாவூர் நண்பர். காபி குடித்துவிட்டு, "பிரேக் போயிடுச்சாமே ஆன்ட்டி?" என்றார்.

"வாங்க தம்பி, காட்டுறேன்."

அதே பாலம். அதே இறக்கம். கீழே அதே நெல். என்னைப் பார்த்ததும் சாந்தி போட்ட சத்தம் அக்கரை வரை கேட்டிருக்கும். "டீச்சர் வர்றாங்கடி! நெல்ல அள்ளுங்கடி!"

பெடலை மிதிக்கவில்லை, இறக்கமே இழுத்தது. லீவருக்கு ஒரு விரல் போதும் — பிடித்தேன். நெல் ஓரத்தில், ஒரு மணியைக்கூடத் தொடாமல், சைக்கிள் நின்றது.

"நின்னுட்டீங்களே டீச்சர்!" என்றாள் சாந்தி, கையில் முறத்தோடு.

கீழே காத்திருந்த நண்பருக்கு வாயெல்லாம் பல். "சூப்பரா பிடிக்குது ஆன்ட்டி! இப்பவே எடுத்துக்கிறேன்."

"நிக்கலைன்னாதான் தம்பி உங்களுக்கு. நின்னுடுச்சு பாத்தீங்கல்ல? பஸ் ஸ்டாண்டுக்கு இப்படியே நேராப் போங்க."

எனக்குப் பிரேக் போட ஆள் நிறைய. பிரேக்கைக் கழற்றத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்!