நாலு மூட்டை பிரியாணி டப்பா

எங்கள் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸை ஒட்டிய பள்ளியில், சனிக்கிழமைதோறும் ஏழாம் வகுப்புக்கு மறுசுழற்சி பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியப் பயிற்சி எதுவும் கிடையாது. பழைய சாமான் எடுப்பவர்களிடம் நின்று பேசிப் பேசிக் கற்றதுதான். டப்பாவைத் திருப்பி, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வகை எண்ணைப் பார்க்கச் சொல்லித்தந்தவர் ஒரு தள்ளுவண்டிக்காரர். "மூடியப் பார்த்து ஏமாறாதீங்கம்மா, அடியப் பாருங்க" என்று தெலுங்கில் சொன்னார். மனிதர்களுக்கும் பொருந்துமே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

தலைமையாசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார்: "பேரண்ட்ஸ் ஒருத்தர் கம்ப்ளெயின்ட் பண்ணாலும் நிறுத்திடுவேன் மேடம்." எனக்கோ வாரத்தில் அந்த நாற்பது நிமிஷம்தான் பண்டிகை.

போன மாதம் பிள்ளைகளிடம், "வீட்ல சும்மா கிடக்கிற பிளாஸ்டிக் டப்பாவெல்லாம் கழுவிக் கொண்டுவாங்க, நிறையக் கொண்டுவர்ற டீமுக்கு ப்ரைஸ்" என்றேன். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை பாதி வீடுகளில் பிரியாணி பார்சல்தான். வந்து குவியும் என்று நினைத்தேன், குவிந்தது. அடுத்த சனிக்கிழமை நாலு மூட்டை கட்டி ஸ்டோர் ரூமில் வைத்தோம்.

திங்கட்கிழமை காலையில் பள்ளியிலிருந்து போன். ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலில் ஏழெட்டு அம்மாக்கள். முன்னால் நின்றவர் மதுரைக்காரர்.

"சும்மா கிடக்குற டப்பான்னா சொன்னீங்க? எது சும்மா கிடக்கு? நான் இட்லி மாவு ஊத்தி வச்சிருந்தேன். எம் மக மாவக் குக்கர்ல கொட்டிட்டு டப்பாவத் தூக்கிட்டு வந்துட்டா!"

"எங்க வீட்ல கடுகும் வெந்தயமும் ஒரே கிண்ணத்துல கிடக்குங்க. யார் பொறுக்குறது, நீங்களா?" என்றார் பின்னாலிருந்த இன்னொருவர்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையிலேயே என் வகுப்பு முடிந்தது என்று தெரிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். நம் வீடுகளில் யார் பிரியாணி டப்பாவைத் தூக்கிப் போடுகிறார்கள்? என் ஃபிரிட்ஜிலேயே ஐந்து இருக்கின்றன. பாடம் எடுக்கிற ஜோரில் அது மறந்துபோயிருந்தது.

"தப்பு என்னோடதுங்க. இப்பவே மூட்டையப் பிரிச்சிடலாம்" என்றேன். கொண்டுவந்தவர்களும் கூட இருக்கட்டும் என்று பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டேன்.

அம்மாக்கள் ஸ்டோர் ரூம் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"இது என்னுது. மஞ்சக் கறையப் பாருங்க, நாலு வருஷக் கறை."

"உங்களுதுன்னா மூடியில என் நெயில் பாலிஷ் புள்ளி எப்படி வந்துச்சு?"

ஒருவர் டப்பாவை மோந்து பார்த்து, "ரசப்பொடி. எங்க வீடேதான்" என்று மடியில் வைத்துக்கொண்டார்.

மதுரைக்காரரின் மகள் மெதுவாக என்னிடம், "மிஸ், இதெல்லாம் ரீசைக்ளிங் காதா?" என்று, 'இல்லையா'வை மட்டும் தெலுங்கில் போட்டுக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா திரும்பினார்.

"ஒடஞ்சாத்தான்டி அங்க போகும். அதுவரைக்கும் அதுக்கு எங்கிட்ட வேலை இருக்கு."

இரண்டு மாதமாக நான் படம் போட்டு விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"ஹவ், சரி, அப்போ எங்க டீமோட ப்ரைஸ்?" என்றான் ஒரு பையன்.

"ப்ரைஸெல்லாம் நக்கோ, ஒண்ணும் வேணாம். வீட்டுக்கு வந்து கடுகப் பொறுக்கு!" என்றார் அவன் அம்மா. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் தலைமையாசிரியையே வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்.

யாரும் உரிமை கொண்டாடாமல் மிஞ்சியது அரை மூட்டை. விரிசல் விட்டவை, மூடி தொலைந்தவை. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் அவற்றைத் திருப்பி எண் பார்த்து, வகை வகையாக அடுக்க ஆரம்பித்தார்கள்.

தலைமையாசிரியை மதுரைக்காரரிடம், "இன்னும் கம்ப்ளெயின்ட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றார் அவர், டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிக்கொண்டே. "அடுத்த வாட்டி இவங்க என்ன கொண்டாரச் சொல்றாங்கன்னு முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லணும்."

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை அதே பீரியட் மேடம். இவங்களுக்கு ஒரு நாள் முன்னாடியே மெசேஜ் போட்டுடுங்க."